காபரேற்றருக்குள் கிடந்தது

றொசாந்தி தன் புருசன் கனிசியஸின் எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாரியில் ஆளில்லாத படகோடு மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கிய எஞ்சின் அது. கனிசியஸின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

"விக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. விடியப்புறத்திலை அவரின்ரை எஞ்சின் சத்தம் கேக்குது. கரைக்குக் கிட்ட வந்து நிண்டிடுது. இதைத் திருத்தினால் வந்திடுவார்."

எனக்கு இந்தப் பேய்க்கதைகள் பிடிக்காது. என்றாலும் எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவில் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். உடனே பிடித்தது. வேகத்தைக் கூட்டியதும் இருமிவிட்டு நின்றது.

"உப்பிடித்தான் அண்ணை, உப்பிடியேதான் நிக்கும்" என்றாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

காபரேற்றரைக் கழற்றினேன். ஆணித் தலைகளெல்லாம் மீன் வெட்டும் கத்தியால் திருகிச் சிதைந்திருந்தன. ஆடுகிற படகில் அதைத் திறக்க அவன் என்ன பாடுபட்டிருப்பான்! மிதவையைத் தூக்கி, பெற்றோல் போகிற பித்தளை ஜெற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். துளைக்குள் வலை பின்னும் நைலோன் தங்கூசி இழைத் துண்டொன்று முறிந்து, பெற்றோலை மறித்தபடி இறுகிக் கிடந்தது. காற்றடித்துத் துப்பரவாக்கவேண்டிய ஜெற்றை எங்கள் கரையில் எல்லாரும் வலைத் தங்கூசியால்தான் குத்துவார்கள். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். எந்த மடையன் குத்தியது என்று கத்துவதற்குத் திரும்பினேன்.

"ஜெற் துப்பரவாத்தானே கிடக்கு?" என்று றொசாந்தி முந்திக்கொண்டாள். "அவர் கடலுக்குப் போக முதல் நான்தான் தங்கூசி விட்டுக் குத்திக் குடுத்தனான். அவருக்குக் கடைசியாச் செய்த வேலை அதுதான் அண்ணை."

அவள் முகத்தில் அன்று நான் கண்ட ஒரே வெளிச்சம் அது. துண்டை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டேன்.

"வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை. உப்புத்தான் அடைச்சிருக்கு."

காற்றடித்து, புது வாசர் போட்டுப் பூட்டி மறுபடி இழுத்தேன். எவ்வளவு கூட்டியும் எஞ்சின் நிற்கவில்லை.

"இனி நிக்காதுதானே?"

"நிக்காது."

"அப்ப நாளைக்கு வந்திடுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கும் அவன் வருவான் போலத்தான் இருந்தது. வந்தால், எஞ்சின் ஏன் நின்றதென்று அவளிடம் சொல்லிவிடுவானே. மாதாவே, கனிசியஸ் கரைக்கு வந்துவிடக்கூடாது என்று மன்றாடினேன்.