பெயர் சுரண்டிய சிலிண்டர்

உத்தமபாளையம் சாலையோரப் பட்டறையில் காரின் முன்மூடி திறந்திருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதனுள்ளிருந்து கிளம்பிய குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்த ஞானசெல்வி, அது போய்ச் சேர்ந்த வெள்ளைச் சிலிண்டரின் அருகே நின்றார். அதன்மீதிருந்த எழுத்துகளை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

“சுருளிராஜன், இது என்ன கேஸ்?”

மெக்கானிக் நிமிராமலே சொன்னார். “கூலிங் கேஸ்தான் சிஸ்டர். உங்க வண்டி தொண்ணூத்தி மூணு மாடல். அதுக்குண்டான பழைய கேஸ் இப்ப எங்கனயும் கெடைக்காது. புதுசு ஏத்தணும்னா ஆயில், வாசரு, டிரையரு எல்லாத்தையும் மாத்தணும். மதுரையிலருந்து சாமான் வர நாலு நாளாகும். இது அப்படியே ஏறிக்கிடும். உள்ள உக்காந்து பாருங்க, மேகமலையில இருக்குற மாதிரி இருக்கும்.”

ஞானசெல்வி உள்ளே உட்கார்ந்து பார்த்தார். காற்று உண்மையிலேயே குளிர்ந்தது. அதுவே ஐயத்தை வளர்த்தது. இவ்வளவு எளிதில் கைகூடும் எதையும், முப்பத்தோராண்டுச் செவிலியர் பணியில் அவர் நம்பியதில்லை. மூச்சை இழுத்து முகர்ந்தார். கணவர் அமிர்தராஜ் இருபது ஆண்டுகள் வண்டன்மேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக ஏலக்காய் ஏற்றிவந்த வண்டி அது. எது கசிந்தாலும் அந்த மணத்தைத் தாண்டி மூக்கை எட்டாது.

நாளைக் காலை அமிர்தராஜை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நுரையீரல் சுருங்கிய மனிதருக்குக் கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் புழுக்கம்.

“இது பத்திக்கிடுமா?”

“பெட்ரோலுந்தான் பத்தும். அதுக்குன்னு மாட்டு வண்டியிலயா போறோம்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“இதுவரைக்கும் அம்பது வண்டிக்கு ஏத்தியிருக்கேன். ஒருத்தரும் இப்படிக் குறுக்கு விசாரணை பண்ணல. ஊசி போடுறப்ப மருந்து பேரு கேட்டா நீங்க சொல்லுவீகளாக்கும்?”

“சொல்லுவேன். பாட்டிலையும் காட்டுவேன்.”

சுருளிராஜன் சிரித்தார். ஞானசெல்வி சிரிக்கவில்லை.

“பின்சீட்டுல எங்க வீட்டுக்காரவுக படுத்திருப்பாக. அவுக காலடியில ஆக்சிஜன் சிலிண்டர் தெறந்தபடி இருக்கும், மதுரை வரைக்கும்.”

சிரிப்பு பாதியில் நின்றது. சுருளிராஜன் சன்னல் வழியே கையை நீட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஞானசெல்வி கேட்ட கேள்விக்கு அந்தக் கை விடை சொல்லிவிட்டது.

“மொதல்லயே சொல்லக் கூடாதா சிஸ்டர்?” குரல் தாழ்ந்திருந்தது. “இத எறக்கிடுறேன். நாலு நாள் குடுங்க, பத்தாத புது கேஸு, ஒன் தர்ட்டி ஃபோர்-ஏ, போட்டுத் தாரேன். பிரிக்காத டப்பாவ உங்க கையிலயே குடுக்குறேன், படிச்சுப் பாருங்க. நாளைக்கு என் வண்டிய எடுத்துட்டுப் போங்க.”

“உங்க வண்டியில என்ன கேஸ் இருக்கு?”

சுருளிராஜன் திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்தடியில், கண்ணாடிகளை முழுக்க ஏற்றியபடி ஏசிக்காக எஞ்சின் ஓட நின்றிருந்த அவருடைய காருக்குள், மதியச் சோறு கொண்டுவந்த மனைவி முனீஸ்வரி இருக்கையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். சுருளிராஜன் நடந்துபோய் எஞ்சினை நிறுத்தினார். பிறகு நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். வெயில் உள்ளே புகுந்தது.

“ஏங்க, சாத்துங்க. இப்பத்தான கண்ணசந்தேன்” என்ற முனீஸ்வரி, விழிக்காமலேயே கையை வெளியே நீட்டிக் கதவைத் தேடினார்.