மைக் இல்லாத ஜாக்குலின்

இருபத்திரண்டு வருஷமாக நான் மேடையில் மைக் மாட்டியதே இல்லை. போஸ்டரிலேயே 'மைக் இல்லாத ஜாக்குலின்' என்றுதான் போடுவார்கள். சின்ன வயதில் கருங்குழி சர்ச் பாடகர் குழுவில் என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். முன்னால் நின்றால் மற்றவர்கள் பாடுவது கேட்காதாம். அந்தத் தொண்டைதான் என்னை இசை நாடகக் கதாநாயகியாக்கி சிங்கப்பூர் வரை கொண்டுபோனது.

மார்ச்சில் அதே தொண்டையில் ஆபரேஷன். இனிப் பேசலாம் என்றார் டாக்டர். பாடலாமா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தார். சரி என்று எழுந்து போய், கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டேன்.

செப்டம்பரில் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலின் திறந்தவெளி மேடையில் இரண்டு நாள் நாடகம். கடலில் மகனைத் தொலைத்த தாய் நான். கடைசிப் பாட்டின் முடிவில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். என் குரல் மட்டும் உச்சத்தில், பன்னிரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். ஒத்திகையில் மூன்றிலேயே உடைந்தது. எல்லோரும் அவரவர் வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சவுண்டு பார்க்கும் பூபாலன் மட்டும் வந்தான். பதினைந்து வருஷமாக என்னோடு இருப்பவன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு மைக் மாட்டிக்க. காத்து பேஜாரா கீது."

"உன் மைக்க நீயே மாட்டிக்க. எனக்கு இன்னாடா காத்து?"

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் ஷோவில் அந்த உச்சத்துக்குப் போனேன். வந்துவிட்டது, பழையபடி, சுத்தமாக. ஆனால் தொண்டையில் அதிர்வே இல்லை. எனக்குப் புரிந்தது. ஆறு எண்ணியதும் வாயை மூடிக்கொண்டேன். குரல் நிற்கவில்லை. பன்னிரண்டு வரை போனது. என் மூடிய வாயைப் பார்த்துக்கொண்டேதான் முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

உள்ளே போனதும் பூபாலன் வந்து நின்றான்.

"போன வருஷ ஷோவுல புடிச்ச ரெக்கார்டிங்க்கா. உன் கொரலு ஒடஞ்சி ஜனம் சிரிச்சிட்டா இன்னா பண்றதுன்னு போட்டுட்டேன். திட்டு, அடி, இன்னா வேணா பண்ணு."

ஆத்திரத்தைத் தேடிப் பார்த்தேன். என் கையால் அறை வாங்காத ஆள் இந்தக் குழுவில் குறைவு. ஒன்றுமே வரவில்லை.

"நாளைக்கு மொதல் பாட்டுலேர்ந்தே போட்டுடு," என்றேன்.

அவன்தான் அழுதான். நான் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.