பலகையில் ஒட்டிய பன்னிரண்டு பொத்தான்கள்

ஹார்லோ கவுண்டி சிறையின் பகல் ஷிப்டுக்கு ஒன்பது பேர் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல். அக்டோபர் மாதத்து ஞாயிறுகளில் கால்பந்து ஆட்டம் தொடங்கச் சரியாக நான்கு மணி நேரம் முன்னால் வருகிற காய்ச்சல் அது, திங்கட்கிழமை காலையில் இறங்கிவிடும். மற்ற மூன்று இடங்கள் ஒன்றரை வருடமாகவே காலி. நெடுஞ்சாலை ஓரத்துக் கோழிக்கறித் தொழிற்சாலையில் சம்பளமும் கூட, யாரும் முகத்தில் துப்புவதும் இல்லை. போனவர்களைக் குறை சொல்ல முடியாது.

சார்ஜென்ட் வெர்னா ஹாஸ்கம் மூன்று நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தாள். பதினோரு வருட சர்வீஸ். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எட்டுத் திரைகளையும் நாற்பது கதவுகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுநீர் கழிக்கப் போவதென்றால்கூட யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். கூப்பிட ஆள் இல்லாததால் காலையிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை.

பதினொன்றரைக்கு போன் அடித்தது. நோரீன் மின்டன். அவள் மகன் டேரல் கூரை வேயும் வேலைக்காரன், குடிகாரன். வியாழக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு வண்டியோட்டிப் பிடிபட்டு, பி வரிசையில் நாலாம் எண் செல்லில் இருந்தான். குடியை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், ஆளே போய்விடலாம். அதனால் அப்படிப்பட்டவர்களைக் கால் மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி.

"மேடம், திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. எம்புள்ள எப்படி இருக்கான்?"

வெர்னா திரையைப் பார்த்தாள். "பதினொண்ணே காலுக்குப் பார்த்திருக்காங்கம்மா. படுத்திருக்கான். கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கான். நல்லா இருக்கான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"எங்க ஆளு பார்த்திருக்காரு. இங்க பதிவாகியிருக்கு."

"பதிவாகியிருந்தா சரிதான்" என்று அந்த அம்மாள் நிம்மதியாக போனை வைத்தாள்.

பதிவு எப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செல் கதவுக்குப் பக்கத்திலும் சுவரில் ஒரு இரும்புப் பொத்தான். காவலர் கையில் டார்ச் லைட் அளவுக்கு ஒரு கோல். கோலைப் பொத்தானில் தொட்டால் 'பீப்' என்று கத்தும், நேரம் பதிவாகும்; கைதி என்ன செய்கிறார் என்பதையும் அதிலேயே தேர்ந்தெடுத்து அழுத்திவிடலாம். அங்கே ஆள் போய் நின்றதற்கு அதுதான் சாட்சி. ஆளே இல்லாத சிறையில் கால் மணிக்கொரு தரம் எவன் நடப்பான்? இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ஒற்றைக் காவலர் ஒருவர் சண்டையை விலக்கப் போனதில் சுற்று தவறி, மேலதிகாரிகள் அவர் சீட்டைக் கிழித்தார்கள். வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய பொத்தான்கள் உதிர்கின்றன என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டு பி வரிசையின் பன்னிரண்டு செல்லுக்கும் இன்னொரு செட் வரவழைத்தாள். பன்னிரண்டையும் ஒரு ஒட்டுப்பலகையில் வரிசையாக ஒட்டி, பி வரிசை மேசைக்கு அடியில் தொங்கவிட்டாள். ஒரு சுற்று உட்கார்ந்தபடியே பலகையில் தொடுவது, அடுத்த சுற்று நடை. அதுதான் அவள் போட்ட ஏற்பாடு. ஷெரிஃபுக்குத் தெரியாது. சிறைக்குப் பொறுப்பான கேப்டன் ஓக்ஸ்லிக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

பன்னிரண்டு முக்காலுக்கு கிளைட் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பி வரிசையிலிருந்து வந்தான். நன்னடத்தைக் கைதி, பச்சை உடுப்பு, தட்டு கொடுப்பதும் எடுப்பதும் அவன் வேலை. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, பேசுவதற்கான துளையில் வாயை வைத்தான்.

"சார்ஜென்ட், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நாலாம் நம்பர் சாப்பிடலை."

"இன்னிக்கா?"

"நேத்தும். கதவு ஓட்டையில வெச்ச தட்டு வெச்ச மாதிரியே வருது. உள்ள குனிஞ்சு பார்க்க எனக்கு அனுமதி இல்லையே. நேத்து இருந்த ஆளுகிட்ட சொன்னேன். பசிச்சா திங்கிறான், உனக்கென்னடா, தட்டை எடுத்துட்டுப் போன்னாரு."

வெர்னாவின் கை தானாகத் திரைக்குப் போனது. நாலாம் எண். பன்னிரண்டு நாற்பத்தைந்து: படுத்திருக்கிறார், பேசினார். நேற்று காலை எட்டு: படுத்திருக்கிறார், பேசினார். நேற்று ராத்திரி மூன்று: படுத்திருக்கிறார், பேசினார். ஒரு இடைவெளி இல்லை. பதிவு அத்தனை நேர்த்தி. நடந்து போகிற மனிதன் ஒரு தரம் ஐந்து நிமிஷம் பிந்துவான், ஒரு தரம் முந்துவான். இது கடிகாரம் நடந்த நடை.

பி வரிசைக்கு போன் போட்டாள். டெவின் ப்ரூட் எடுத்தான். வேலைக்கு வந்து எட்டு மாதம்.

"டெவின், நாலாம் நம்பரை நீ கண்ணால பார்த்தியா?"

"பதிவு போட்டிருக்கேனே மேடம்."

"பதிவைக் கேக்கலைடா. கண்ணால."

"காலையில பலகைதான் மேடம். தனியா இருக்கேன்ல? ராத்திரி ஷிப்ட் நடந்து பார்த்திருப்பாங்களே."

ராத்திரி ஷிப்ட் பகல்காரன் பார்த்திருப்பான் என்று நினைத்திருக்கும். சனிக்கிழமைக்காரன் வெள்ளிக்கிழமைக்காரனை நம்பியிருப்பான். இதில் பெரிய கூத்து என்னவென்றால், பலகையை ஒட்டியவளே ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பலகை சொன்னதை ஒரு தாயிடம் வாசித்துக் காட்டியிருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கட்டுப்பாட்டு அறையை ஆளில்லாமல் விடக்கூடாது என்ற விதியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

நாலாம் எண் கதவின் சின்ன ஜன்னலை மூடியிருந்த தகட்டைத் தள்ளினாள். டேரல் படுக்கையில் இல்லை. கழிப்பறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடந்தான். கதவைத் திறந்தபோது வந்த வாடையில் டெவின் பின்வாங்கினான். உயிர் இருந்தது. ஒரு கண் பாதி திறந்திருந்தது, வலது கை துணி மாதிரி தொங்கியது, உதடு வெடித்துக் கறுத்திருந்தது.

ஆம்புலன்ஸ் பதினான்கு நிமிஷத்தில் வந்தது. அதில் வந்த மருத்துவ உதவிப் பெண் முழங்காலிட்டு, விளக்கடித்துப் பார்த்து, நிமிராமலே கேட்டாள்.

"பக்கவாதம் மாதிரி இருக்கு. கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

டெவின் முந்திக்கொண்டான். "பன்னெண்டு நாப்பத்தஞ்சு. பேசினாரு."

"இந்த நாக்கா பேசிச்சு?" என்றாள் அவள். "இங்க பாருங்க, நேரம் சரியா வேணும். இப்பத்தான் வந்திருந்தா ரத்தக்கட்டைக் கரைக்க ஊசி போடுவாங்க. ரொம்ப நேரம் ஆயிட்டுதுன்னா அதே ஊசி ஆளைக் கொன்னுடும். ஆஸ்பத்திரிக்கு நான் என்ன சொல்ல?"

வெர்னாவின் கையிலிருந்த போனில், அவள் தகவல் சொல்லக் கூப்பிட்டிருந்த கேப்டன் ஓக்ஸ்லி. வீட்டிலிருந்தார். பின்னால் ஆட்டத்தின் கூச்சல் கேட்டது. அந்தப் பெண்ணின் கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது.

"வெர்னா, திரையில என்ன இருக்கோ அதைச் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். நாம பதிவைத்தான் சொல்ல முடியும். புரியுதா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவருக்கு எப்போதும் மற்றவர்களின் நல்லதுதான் கவலை. வெர்னாவுக்கு எல்லாம் புரிந்தது. பொய்ப்பதிவு குற்றம். பலகை யார் கைவேலை என்று தோண்டினால் இரண்டே நாளில் கம்பெனிக்கு எழுதிய கடிதம் வெளியே வரும். கைதியின் ஆரஞ்சு உடுப்பில் தன்னை இதே வரிசையில் நிறுத்துவார்கள். வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். பயம்தான், சந்தேகமே இல்லை. அதை மறைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

"அந்தப் பதிவு பொய்" என்றாள். "யாரும் வந்து பார்க்கலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு நர்ஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்டதுதான் கடைசி. வார இறுதியில இங்க நர்ஸ் கிடையாது."

அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. பேனாவை எடுத்துக் கையுறையின் மேல் 'வெள்ளி 3' என்று எழுதிக்கொண்டாள். போனில் கேப்டன் எதுவோ சொல்லிக்கொண்டிருந்தார். வெர்னா அதை அணைத்தாள்.

டேரலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சக்கரச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. டெவின் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மேடம்" என்றான், குரல் எழும்பாமல். "மத்த பதினொரு செல்லு?"

அவள் ஏற்கெனவே சாவியை எடுத்துவிட்டிருந்தாள். ஐந்தாம் எண் ஜன்னல் தகட்டைத் தள்ளினாள். கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு முகம் நின்றிருந்தது. லூதர் கேப்ஸ், அறுபது வயதைத் தாண்டியவன்.

"வந்துட்டீங்களா" என்றான். "இங்க யாருமே வேலைக்கு வர்றதில்லையோன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா அந்தாளு சுவத்தைத் தட்டினான்மா. அவன் தட்டுவான், நான் பதிலுக்குத் தட்டுவேன். சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி கொண்டு வர்ற நேரத்துல நின்னுபோச்சு. அப்புறம் நான் மட்டும் தட்டிக்கிட்டிருந்தேன்."

"எங்களைக் கூப்பிடற மணிப் பொத்தானை அமுக்கலையா?"

"விரல் வீங்கற வரைக்கும் அமுக்கினேன்."

கட்டுப்பாட்டு அறையில் பி வரிசை மணியின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாரும் சும்மா சும்மா அமுக்குகிறார்கள் என்று போன வருஷம் நிறுத்தியது. வெர்னா ரேடியோவில் கவுண்டியின் அவசர அழைப்பு மையத்தைப் பிடித்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. நேரத்தை மாத்திக்கணும். சனிக்கிழமை காலை ஆறு மணி வரைக்கும் கையில அசைவு இருந்திருக்கு."

மறுமுனையில் எழுதிக்கொண்டார்கள். பிறகு குரல் கேட்டது: "யாரு பார்த்தது, சார்ஜென்ட்?"

"பார்த்தவங்க யாரும் இல்லை" என்றாள் வெர்னா. "பக்கத்து செல்காரர் கேட்டிருக்காரு."

சொல்லிவிட்டு ஆறாம் எண் கதவுக்கு நடந்தாள்.