பி எழுத்தில் வைத்த குறி

அச்சகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். பிழை திருத்துவதில் கில்லாடிதான். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் பக்கத்தில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். இன்று நூலாசிரியரை அருகில் வைத்துக்கொண்டே திருத்தி, மாலைக்குள் அச்சுக்கு அனுப்பினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நல்லவேளையாக, கம்ப்யூட்டரில் திருத்துவதற்கு மாலை வகுப்பில் ஒரு வித்தை கற்றிருந்தாள். எம் விசையைத் தட்டி, அடுத்து ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த வரியில் குறி விழும். பிறகு மேற்கோள் விசையும் அதே எழுத்தும் போதும், எங்கிருந்தாலும் அங்கே தாவிவிடலாம்.

நூலாசிரியர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எழுதியிருந்தது பழுதுபார்க்கும் கையேடு.

"இந்த மாடலுக்கு பிரேக் இடைவெளி தப்பும்மா. கேட்டுச் சொல்றேன்" என்று போனில் யாருக்கோ செய்தி அனுப்பினார். அவள் அந்த வரிக்கு பி என்று குறி வைத்தாள். கதவுக்கு டி. மோட்டாருக்கு எம்.

"பிரேக்!" என்றார். வந்தது. "கதவு!" என்றார். கதவு வந்தது. "மோட்டார்!" வந்தது. "கதவு!"

"அட, என் லிஃப்ட்கூட இப்படி ஓடாதும்மா!"

"எந்த மாடின்னு மட்டும் சொல்லுங்க சார்!"

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் குஷியில் பேரிங் வரிக்கும் பி என்றே குறி வைத்துவிட்டாள்.

போனில் பதில் வந்தது. "மூணு இல்லையாம், ரெண்டு மில்லிமீட்டராம்."

தாவினாள், மாற்றினாள். வழக்கம்போல் வரியை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். பேரிங்! அவசரமாகப் பழைய எண்ணையே போட்டாள். புதுக் குறி வந்ததும் பழையதைக் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் கைகழுவியிருந்தது.

"எந்த மாடல் சார் அது?"

"நீ குறி வெச்சதும் நான் மண்டையிலேருந்து எறக்கி வெச்சிட்டேன்மா."

தேடினால், எல்லா மாடலிலும் பிரேக் மூன்று மில்லிமீட்டர். "எனக்கு ராசியான நம்பர்மா" என்று வழிந்தார்.

அவளுக்கு, தாவிய தடத்திலேயே பின்னால் போக ஒரு வழி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கன்ட்ரோல் விசையையும் ஓ விசையையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். கதவு. மோட்டார். மறுபடி கதவு. தாங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் தலைகீழாக ஓடியது.

"பிரேக்! நிறுத்து, நிறுத்து!" என்று மெக்கானிக் கத்தினார். மூன்றை இரண்டாக்கி, வரியை வாய்க்குள் படித்துப் பார்த்து, அச்சுக்கு அனுப்பினாள்.

மேனேஜர் கதவைத் திறந்தார். "என்ன இங்க கூத்து?"

"முடிஞ்சிருச்சு சார். அனுப்பிட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி. நாளைக்கே வேலை ஆர்டரை வாங்கிக்க."

அவர் போனதும் அவள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மெக்கானிக்கும் தன்னுடையதைச் சுற்றினார்.