வெள்ளிப் பெயிண்ட்

சும்மா சொல்லக் கூடாது, தேவயானிக்கு வண்டி ஓட்ட நன்றாகவே தெரியும். கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் ஒரு பெண் ஓட்டுவது அவளுடையது ஒன்றுதான். மற்றவர்கள் பதினைந்து பேரைத் திணித்துக்கொண்டு பறக்கிறார்கள் என்று பயந்துதான் எட்டுப் பெண்கள் அவளை நம்பி இந்த ஜீப்புக்கு மாறியிருந்தார்கள். அந்த எட்டு உயிரும் இப்போது, வேலை முடிந்து இறங்கும் சாயங்கால வேளையில், அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. ஜீப்போ உதறிக்கொண்டிருந்தது.

காலையில் மலை ஏறும்போதே லேசாக இருந்தது. டயரில் சேறு ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள். இறக்கத்தில் இரண்டு வளைவு தாண்டியதும் அது லேசாக இல்லை.

"என்னாத்தா இது, இடுப்பெலும்பு கழண்டுரும் போலருக்கு?" என்றாள் இருளம்மாள். எட்டுப் பேரில் மூத்தவள். வாயை மூடிக்கொண்டு வரத் தெரியாதவள்.

"ரோடு சரியில்ல பெரிம்மா."

சுத்தப் பொய். ரோடு போன மாதம்தான் போட்டது. தேவயானி கிளட்சை மிதித்துப் பார்த்தாள், உதறல் நிற்கவில்லை. அப்படியானால் இஞ்சின் இல்லை. பிரேக்கை மெல்ல அமுக்கினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரேக்கும் இல்லை. ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது, ஆனால் சீட்டுக்கு அடியில்தான் பேயாட்டம். பின்சக்கரம். வேகத்தை நன்றாகக் குறைத்தாள். டயர் கோளாறு என்றால் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அடுத்த வளைவில் திரும்பும்போது பின்னால் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வேறு.

இன்னும் ஆறு வளைவுதான், மெல்ல உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். மலையோரம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

"எல்லாரும் இறங்குங்க. சக்கரத்துக்கு ரெண்டு கல்லு குடுங்க."

"கொழாயில தண்ணி வர்ற நேரம்!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

இடது பின்சக்கரத்தில் ஐந்து நட்டு. முதல் நட்டில் விரலை வைத்தாள், தானாகச் சுழன்றது. இரண்டாவதும் அப்படியே. வெள்ளிப் பொடி அவள் விரலெல்லாம் ஒட்டியது.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உத்தமபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரூபனுக்குப் போனைப் போட்டாள். "ஏண்ணே, போன வாரம் பிரேக்கு பாத்துட்டு நட்ட முறுக்காமயா விட்டீக? எட்டுப் பேரு உசுரு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

"முறுக்கித்தான் விட்டேன்," என்றான் ரூபன். "அதுக்கப்புறம் சக்கரத்தக் கழட்டுனது யாரு?"

கழட்டியது தேவயானிதான். வீரபாண்டிக் கோயில் திருவிழாவுக்கு ஜீப் பளபளக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களைக் கழட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, விடிந்தால் தோட்டத்துக்குப் போக வேண்டுமே என்று ஈரத்தோடு மாட்டினாள். அந்த அழகைப் பார்த்து இந்தப் பெண்கள்தான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"காயாம மாட்டிட்டியா? பெயிண்ட் மேல நட்டு உக்காந்தா, அது பொடியப் பொடிய நட்டும் தளரத்தான் செய்யும். சுரண்டிட்டு முறுக்கு."

போனை வைத்தாள். எட்டுப் பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். மெக்கானிக் தலையில் கட்டிவிடலாம், நம்பிவிடுவார்கள்.

"ரூபன் அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் பெயிண்ட் காயாம மாட்டிட்டேன்."

தேவயானி ஸ்பேனரை எடுத்தாள். பெயிண்டைச் சுரண்டி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து ஐந்தையும் முறுக்கினாள். "முடிஞ்சது. ஏறுங்க, போகலாம்."

இருளம்மாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "ஏத்தா, நாலு சக்கரத்துக்குமா பெயிண்ட் அடிச்ச?"

தேவயானி வலது முன்சக்கரத்துக்கு ஓடினாள். ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியதே, அந்தச் சக்கரம். அதில் மூன்று நட்டுதான் இருந்தன. மூன்றும் கையால் திருகும்படி இருந்தன. அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அழுகைய வீட்ல போயி வச்சுக்க," என்று இருளம்மாள் ஸ்பேனரைப் பிடுங்கினாள். மற்ற சக்கரங்களில் இரண்டிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழட்டி இங்கே மாட்டினார்கள். எல்லாவற்றையும் சுரண்டி முறுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதன் பிறகும் பெண்கள் ஏறவில்லை. முன்னால் நடந்தார்கள். பின்னால் ஜீப் ஆள் நடையில் உருண்டது. ஒவ்வொரு வளைவிலும் இருளம்மாள் நிறுத்தச் சொல்லி, நட்டு நட்டாக முறுக்கிப் பார்த்தாள்.

நாளை முதல் யாரும் வரமாட்டார்கள் என்று தேவயானி முடிவே செய்துவிட்டாள். அடிவாரத்தில் ஸ்பேனரை ஜன்னல் வழியாக நீட்டினாள் இருளம்மாள்.

"நாளைக்கும் அஞ்சு மணிதானத்தா?"