வரிசையில் மகள்

“ரோல் நம்பர்படி நில்லுங்க, தள்ளாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே இயற்பியல் சார் வரிசையைச் சரிசெய்தார். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவளையும் தோளைப் பிடித்து அவளுடைய இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்தவளிடம் போனார். பாவம், அவருக்கும் அன்று கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. விடுதியின் முன்கூடத்தில் கிடத்தியிருந்தது விடுதி வார்டனை, அவளைப் பெற்றவளை.

காலைப் படிப்பு நேரத்தில் பிள்ளைகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த வார்டன், நாற்காலியைப் பிடித்தபடி சரிந்தவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

“முன்னாடி போடி,” என்று பின்னாலிருந்து அறைத்தோழி கிசுகிசுத்தாள். “நீ எதுக்கு வரிசைல நிக்கிற?”

“அவங்களுக்குப் பிடிக்காது.”

பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்றே போட்ட சட்டம் அது. “கேட்டுக்குள்ள நான் உனக்கு மேடம். மத்த பிள்ளைங்க பெத்தவங்களை விட்டுட்டு வந்திருக்காங்க. அவங்க கண்ணு முன்னாடி நீ மட்டும் அம்மா அம்மான்னு சுத்தக்கூடாது.” அந்த மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஒரே மாதத்தில் அத்தனை பேரும் வார்டனை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூத்தைப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் அம்மா, பெற்ற பெண்ணுக்கு மட்டும் மேடம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாலும் முதல் நாள் முழுக்க அவள் நாக்கில் மேடம்தான் வரும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

“அடுத்து,” என்று சார் மெல்லச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராகப் போய்ப் பூ வைத்தார்கள். மதில் ஏறிக் குதிப்பதையே தொழிலாக வைத்திருந்த ‘குரங்கு’ கால்மாட்டில் விழுந்தான். “இனிமே குதிக்க மாட்டேம்மா! எழுந்திரும்மா!”

வாரம் தவறாமல் வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். அவளுக்கு வயிறு எரிந்தது. இவனுக்குக்கூட அம்மா என்று வாய் நிறைய வருகிறதே! இன்று கூப்பிடாவிட்டால் இனி என்றைக்கு? இத்தனை பேர் முன்னால், சத்தமாக, ஒரே ஒரு தடவை. பொறு, பொறு என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா அப்போதுதான் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். “எம் பொண்ணு எங்க?”

முதல்வர் விழித்தார். யாரோ கை காட்டினார்கள். சீருடையும் இரட்டைச் சடையுமாக வரிசையில் நின்றிருந்தாள்.

“ஐயோ, அங்க என்னம்மா பண்ற? இங்க வா.”

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். முன்னால் இன்னும் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

அவள் முறை வந்தது. யாரோ அவருடைய வகிட்டை மாற்றி எடுத்து வாரிவிட்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் அந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“மேடம்…”

கூடத்தில் விசும்பல் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் அதுவே வந்தது. அப்பா கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“அடுத்து,” என்றார் சார், வாய்ப் பழக்கத்தில். சொன்ன பிறகுதான் நிற்பது யாரென்று பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அறைத்தோழி காலை எடுத்து வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் அசையவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து, அந்த முடியை விரலால் கோதி, வகிட்டைச் சரியான பக்கத்தில் எடுக்கத் தொடங்கினாள். வாசல்வரை நீண்டிருந்த வரிசை அப்படியே நின்றது.