கீறல் நேராக இருந்தால்

பீபி பொதியை அவிழ்த்தார். கராம்பு மரத்தின் அடிக்கட்டைத் துண்டு, சவர்க்காரம் மணக்க இருந்தது.

ஆய்வுகூடத்து நிரஞ்சனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல கரி அப்பின மாதிரி ஒண்டு இருந்திருக்குமே, எங்கேயம்மா?"

"தேச்சுட்டேன் மிஸ். கந்தோருக்கு ஊத்தையோடயா கொண்டு வார?"

"அந்த ஊத்தையைத்தான் நான் பாக்க வேணும்."

"நான் சென்னேன், கேட்டாத்தானே!" என்றார் கணவர் மக்கீன். "மாப்பிள்ளைக்குக் காட்டப் போற மாதிரி குளிப்பாட்டினா."

இரத்தோட்டையில் அவர்களுடைய கராம்பு மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டிருந்தன. பட்டவற்றை எரித்தாயிற்று. நிற்பவை பிழைக்குமா என்பதுதான் இருவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் கழுவாத துண்டோடு வந்தார்கள். நிரஞ்சனி கரித்தோலை பிளேடால் சீவி, கண்ணாடித் துண்டில் வைத்து, அயடின் ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தாள்.

"பூஞ்சணத்தின்ர வித்திப் பை நுனி நீலமாகுது. நான் நினைச்ச குடும்பம்தான். இனி வித்தியில இருக்கிற கீறலைப் பாக்க வேணும். சுருண்டிருந்தா, செத்த கட்டையில பிறகு வந்து ஒட்டினது. நேரா இருந்தா, உயிர் மரத்தைத் தின்னுறது."

"யா அல்லாஹ், சுருண்டு ஈக்கட்டும்" என்றார் பீபி.

நிரஞ்சனி வெகுநேரம் குனிந்திருந்தாள். கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"நேர்தான்."

"வேற ஒன்னைப் பாருங்க மிஸ்."

"எல்லாம் நேர். நீங்களே வந்து பாருங்கோ."

பீபி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "பேரீச்சங்கொட்டை! நடுவுல கோடு கூட ஈக்குதே. இவ்வளவு வடிவான சாமானா எங்கட மரத்தத் தின்னுது?"

"இதை எந்த மரத்தில எடுத்தனீங்கள்?"

"மொட்டு வெச்ச மரத்துல" என்றார் மக்கீன். "அடியில கரி கொஞ்சமாத்தான் ஈந்திச்சு."

"வேர் வழியாப் போறது, நானா. பக்கத்து மரங்களுக்கும் போயிருக்கும்."

"மருந்து?"

"இல்லை."

"எல்லாத்தையும் வெட்டிட்டு, புதுசா நட்டா?"

"பழைய வேர் மண்ணுக்குள்ள கிடக்குமட்டும் அதுவும் கிடக்கும்."

"எவ்வளவு காலம்?"

நிரஞ்சனி கண்ணாடித் துண்டைத் துடைத்தாள். "உங்களுக்கு என்ன வயசு?"

மக்கீன் சிரித்துவிட்டார். "வெளங்கிட்டு மிஸ்."

"என்ன வெளங்கிட்டு?" பீபி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மிஸ் இன்னம் ஒன்னும் செல்லல்லியே?"

"வா, பஸ் போயிரும்."